கம்ப்யூட்டர் நின்றால் கடை நிற்க வேண்டுமா?



ஒரு காலத்தில் கடையைத் திறந்ததும் கல்லாவைத் தொட்டுக் கும்பிட்டு, நாள்வழிப் புத்தகத்தில் பிள்ளையார் சுழி போட்டு அன்றைய வியாபாரத்தைத் தொடங்குவோம். இன்று கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு உயிர் வந்த பிறகுதான் முதல் போணியே நடக்கிறது. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தது. 2018-இல் இ-வே பில் வந்தது. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வணிகர்கள், பதிவு பெற்ற வணிகருக்கு விற்கும் சரக்குக்கு இ-இன்வாய்ஸ் போட்டே தீர வேண்டும் என்றாயிற்று. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் சிறு மளிகைக் கடை முதல் பெரிய மண்டி வரை கம்ப்யூட்டர் இல்லாத இடம் இப்போது அரிது.

இப்படி நம் தொழிலோடு ஒட்டிக்கொண்ட கம்ப்யூட்டர், வாசலில் லாரி சரக்கேற்றி நிற்கும் நேரத்தில் திடீரென்று நீலத் திரையைக் காட்டி நின்றுவிடுகிறது. உடனே ரிப்பேர்காரருக்குப் போன் போகிறது. அவர் வந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஃபார்மட் போட்டாத்தான் சரியாகும்" என்கிறார். பில் போட்டால் போதும் என்ற அவசரத்தில் நாமும் தலையாட்டிவிடுகிறோம். ஃபார்மட் என்றால் உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. கணக்குக்கு வேறு நகல் இல்லாத கடையில் அது பேரேட்டை அடுப்பில் போடுவதற்குச் சமம். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஒரு வருடத்துக் கணக்கை அந்த வருடத்தின் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வரை நாம் பாதுகாக்க வேண்டும். கேட்கும் அதிகாரியிடம், "ஃபார்மட் போட்டோம், போய்விட்டது" என்று சொல்லித் தப்ப முடியாது.

இதில் வேதனை என்னவென்றால், பல சமயங்களில் அந்த ஃபார்மட்டுக்குத் தேவையே இருப்பதில்லை. கம்ப்யூட்டரும் கெட்டிருக்காது, ஹார்ட் டிஸ்க்கும் கெட்டிருக்காது. உள்ளே இருக்கும் 'டிரைவர்' என்ற சிறிய புரோகிராம் ஒன்றுதான் கெட்டிருக்கும். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2003-இல் வெளியிட்ட கட்டுரையில், விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர்கள் நின்றுபோனதாக வந்த புகார்களில் 85 சதவீதத்துக்கு டிரைவர்களே காரணம் என்று குறிப்பிட்டார்கள். அதற்குப் பிறகு நிலைமை எவ்வளவோ மேம்பட்டிருக்கிறது. ஆனாலும் நீலத் திரை கண்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியவர்களின் பட்டியலில் டிரைவர் இன்றும் இருக்கிறது.

டிரைவர் என்பது என்ன?

லாரி ஓட்டுகிறவர் அல்ல. பழைய சென்னைப் பட்டணத்துத் துபாஷியை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்கார வியாபாரிக்குத் தமிழ் தெரியாது, நம்மவருக்கு அவன் பாஷை தெரியாது. இரண்டும் தெரிந்த துபாஷி நடுவில் நின்று பேச்சு நடத்தி வியாபாரத்தை முடித்து வைத்தார். 1709-இல் நம் பெரம்பூரில் பிறந்து, புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை இதற்குப் பேர்போனவர்.

கம்ப்யூட்டருக்குள்ளும் இதே ஏற்பாடுதான். விண்டோஸுக்குப் பில் பிரிண்டரின் பாஷை தெரியாது. எலெக்ட்ரானிக் தராசு, பார்கோடு ஸ்கேனர், ரிட்டர்னில் கையெழுத்திட உதவும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பாஷை. ஒவ்வொன்றுக்கும் ஒரு துபாஷி வேண்டும். அதுதான் டிரைவர்.

டாலி போன்ற சாதாரண புரோகிராம் தவறு செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும், கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் டிரைவர்களில் பல, விண்டோஸின் உள்ளறைக்கே போய் வரும் உரிமை பெற்றவை. கல்லாச் சாவியும் கிடங்குச் சாவியும் கையில் வைத்திருக்கும் ஆள் போல. அப்படிப்பட்ட ஆள் தடுமாறினால், நஷ்டம் பெரிதாகுமுன் கடையையே இழுத்து மூடிவிடுவோம் அல்லவா? விண்டோஸும் அதைத்தான் செய்கிறது. நீலத் திரை என்பது இழுத்து மூடிய கதவு. அந்தக் கதவை 2025-இல் விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கறுப்பு நிறமாக மாற்றிவிட்டது. நிறம் மாறியதே தவிர விஷயம் ஒன்றுதான்.

உலகமே கண்ட உதாரணம்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. அன்று நம் சென்னை விமான நிலையத்தில் பயணிகளுக்குப் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். நாட்டின் மற்ற விமான நிலையங்களிலும் அதே கதை. இண்டிகோ உள்ளிட்ட நிறுவனங்களின் விமானங்கள் ரத்தாயின. அமெரிக்காவில் டெல்டா நிறுவனம் அடுத்த சில நாட்களில் ஏறத்தாழ 7,000 விமானங்களை ரத்து செய்தது. நம் நாட்டில் 10 வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் சிறு இடையூறு ஏற்பட்டதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது.

காரணம் வைரஸ் அல்ல. பெரிய நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களுக்குக் காவல் காக்கும் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கக் கம்பெனியின் டிரைவர்தான். அன்று நம் நேரப்படி காலை 9.39-க்கு அந்தக் கம்பெனி புதிய விவரக் கோப்பு ஒன்றை அனுப்பியது. அதைப் படிக்கும்போது டிரைவர் 21-ஆவது விவரத்தைத் தேடியது. அதன் கையில் கொடுக்கப்பட்டிருந்ததோ 20 விவரம்தான். பட்டியலில் 21 சிப்பம் என்று எழுதி, லாரியில் 20 ஏற்றி அனுப்பினால் என்ன நடக்கும்? நம் ஆள் போன் செய்து கேட்பான். டிரைவருக்குக் கேட்கத் தெரியவில்லை. இல்லாத 21-ஐத் தேடி, போகக்கூடாத இடத்தில் கை வைத்தது. விண்டோஸ் கதவை மூடிவிட்டது.

78 நிமிடத்தில், 10.57-க்கு, கம்பெனி அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றது. அதற்குள் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டுவிட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. நின்றுபோன கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றின் முன்னால் ஓர் ஆள் உட்கார்ந்து, 'சேஃப் மோட்' என்ற பாதுகாப்பு முறையில் கிளப்பி, அந்த ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. அழித்ததும் கம்ப்யூட்டர் பழையபடி ஓடியது.

வணிகர்கள் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இத்தனை பெரிய சீரழிவுக்கும் வைத்தியம் ஃபார்மட் அல்ல. எந்தக் கோப்பு கடைசியாக உள்ளே வந்தது என்று கண்டுபிடித்து அதை வெளியே எடுத்ததுதான் வைத்தியம்.

நம் கடைகளுக்குள் வரும் தொல்லைகள்

கிரவுட்ஸ்ட்ரைக் நம்மைப் போன்ற கடைகளில் இருப்பதில்லை. நமக்கு வரும் தொல்லை வேறு வழியில் வருகிறது.

முதலாவது, பிரிண்டர். 2021 மார்ச் 9-இல் விண்டோஸ் 10-க்கு வந்த மாதாந்தர அப்டேட்டுக்கும் சில பிரிண்டர் டிரைவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. பிரின்ட் கொடுத்த மாத்திரத்தில் நீலத் திரை வந்தது. கியோசெரா, ரிக்கோ, ஜீப்ரா பிரிண்டர் வைத்திருந்தவர்கள் உலகம் முழுவதும் அவதிப்பட்டார்கள். மார்ச் 15-இல் மைக்ரோசாஃப்ட் மாற்று அப்டேட் கொடுத்தது. அந்த 6 நாளில் பிரிண்டரையோ கம்ப்யூட்டரையோ ஃபார்மட் போட்டு மாற்றியவர்களுக்குக் காசுதான் தண்டம்.

இரண்டாவது, தராசிலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் கன்வெர்ட்டர் கேபிள். இந்தக் கேபிளுக்குள் ஒரு சிறிய சிப் இருக்கிறது. இதைச் செய்வதில் பெயர் பெற்றவை ஸ்காட்லாந்தின் எஃப்.டி.டி.ஐ., தைவானின் புரொலிஃபிக் ஆகிய கம்பெனிகள். இவர்கள் சரக்கைப் போலவே போலிச் சரக்கும் சந்தையில் ஏராளம். 2014 அக்டோபரில் எஃப்.டி.டி.ஐ. கம்பெனியின் புதிய டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்து, போலி சிப்களின் அடையாள எண்ணையே பூஜ்யமாக்கிவிட்டது. எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் அந்தக் கேபிள்கள் வேலை செய்யவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. புரொலிஃபிக்கின் புதிய டிரைவர்களோ பழைய, போலி சிப்களைக் கண்டால் வேலை செய்ய மறுத்து, விற்றவரைப் போய்க் கேளுங்கள் என்று ஆங்கிலத்தில் அறிவிப்பு காட்டுகின்றன. கேபிளில் நூறு ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டு, தராசு கெட்டுவிட்டது என்று தராசுக்காரரைக் கூப்பிடுவதில் பயன் இல்லை.

நமது மண்டியில் ஒரு மழைக்காலத்தில் இப்படித்தான் நடந்தது. காலையில் நன்றாக ஓடும் கம்ப்யூட்டர், மூட்டை எடை போட ஆரம்பித்ததும் நீலத் திரை காட்டும். வந்த ரிப்பேர்காரர் ஃபார்மட் என்றார். கணக்கு எழுதும் தம்பி தடுத்தார். "எடை போடும்போது மட்டும்தானே நிற்கிறது? தராசுக் கேபிளை எடுத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்ப்போம்" என்றார். எடுத்துவிட்டு ஓட்டினோம். அன்று முழுவதும் நிற்கவே இல்லை. தராசோடு வந்த கேபிளைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்ல கேபிள் வாங்கி, அதற்குரிய டிரைவரையும் போட்டதும் தொல்லை தீர்ந்தது. ரிச்சி தெரு வரை போய்வந்த மின்ரயில் செலவும் கேபிள் விலையும்தான் செலவு. கணக்கில் ஒரு வரிகூடப் போகவில்லை.

நின்றுவிட்டால் என்ன செய்வது?

முதலில் பதறாதீர்கள். வரிசையாகக் கீழ்க்கண்டவற்றைச் செய்யலாம். நமக்குப் பழக்கமில்லை என்றால் மகனையோ கணக்கரையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று: நீலத் திரையைச் செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். அது சில விநாடிகளில் மறைந்துவிடலாம். அதில் 'ஸ்டாப் கோட்' என்று ஒரு வரி இருக்கும். சில சமயம் 'சிஸ்' என்று முடியும் ஒரு கோப்பின் பெயரும் இருக்கும். அது பெரும்பாலும் ஒரு டிரைவரின் பெயர். குற்றவாளி அதுவேதான் என்று உறுதி கிடையாது, ஆனால் விசாரணையை அங்கே தொடங்கலாம்.

இரண்டு: கம்ப்யூட்டரை அணைத்து, கீபோர்டு, மவுஸ், திரை தவிர மற்ற எல்லாக் கேபிள்களையும் பிடுங்கிவிட்டுக் கிளப்புங்கள். ஒழுங்காக ஓடினால், ஒவ்வொன்றாகச் செருகி ஓட்டிப் பாருங்கள். எதைச் செருகியதும் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு.

மூன்று: வழக்கம்போல் கிளம்பவே மறுத்தால் 'சேஃப் மோட்'டுக்குப் போங்கள். இந்த முறையில் விண்டோஸ் அத்தியாவசியமான டிரைவர்களை மட்டும் வைத்துக்கொண்டு கிளம்பும். அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை கிளம்பத் தவறினால் விண்டோஸ் 10, 11 இரண்டும் தாமாகவே பழுது நீக்கும் திரையைக் காட்டும். அதில் 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' என்று வரிசையாகப் போய், ரீஸ்டார்ட் கொடுத்து, 4 என்ற எண்ணை அழுத்த வேண்டும். சேஃப் மோடில் நிற்காமல் ஓடினால், டிரைவர் அல்லது பின்னால் போட்ட புரோகிராம் மீதுதான் சந்தேகம் என்று ஓரளவு முடிவு செய்யலாம்.

நான்கு: ஸ்டார்ட் பொத்தான் மீது மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் 'டிவைஸ் மேனேஜர்' வரும். மஞ்சள் முக்கோணக் குறி இருக்கும் சாதனத்தைப் பாருங்கள். சமீபத்தில் டிரைவர் மாறியிருந்தால், அந்தச் சாதனத்தின் 'ப்ராப்பர்ட்டீஸ்' உள்ளே, 'டிரைவர்' பகுதியில், 'ரோல் பேக் டிரைவர்' என்று இருக்கும். அதை அழுத்தினால் முன்பு ஓடிக்கொண்டிருந்த பழைய டிரைவருக்குத் திரும்பிவிடலாம். அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால், திரும்பப் பழைய டிரைவர் இல்லை என்று பொருள். அப்போது அந்தச் சாதனத்தை நீக்கிவிட்டு, அதைத் தயாரித்த கம்பெனியின் டிரைவரை மீண்டும் போட வேண்டும்.

ஐந்து: ஸ்டார்ட் பகுதியில் 'ரிலையபிலிட்டி' என்ற சொல்லை டைப் செய்தால் ஒரு பட்டியல் திறக்கும். எந்தத் தேதியில் என்ன புதிதாகப் போடப்பட்டது, எந்தத் தேதியில் கம்ப்யூட்டர் நின்றது என்று நாள்வாரியாகக் காட்டும். இது கம்ப்யூட்டர் தானே எழுதிவைக்கும் நாள்வழி. நாள்வழி பார்க்கத் தெரிந்த வணிகனுக்கு இதைப் பார்ப்பது கஷ்டமே இல்லை. செவ்வாய்க்கிழமை ஒரு அப்டேட் வந்து, புதன்கிழமை முதல் நிற்கிறது என்றால் விஷயம் விளங்கிவிடும். அந்த அப்டேட்டை மட்டும் நீக்கும் வசதி பழுது நீக்கும் திரையிலேயே இருக்கிறது.

எல்லாப் பழியையும் டிரைவர் மேலேயே போட்டுவிடவும் கூடாது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஸ்டாப் கோட் வந்தால், வேலைக்குச் சம்பந்தமில்லாமல் கண்ட நேரத்தில் நின்றால், மெமரி, பவர் சப்ளை, தூசியால் ஏறும் சூடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மாவும் மிளகாய்த் தூளும் பறக்கும் கடைகளில் கம்ப்யூட்டரின் மின்விசிறியைத் திறந்து பார்த்தால் பாதி நோய் அங்கேயே தெரியும். டிஸ்க்கில் கரகர சத்தம் கேட்டாலோ, கோப்புகள் காணாமல் போனாலோ, வேறு எதுவும் செய்யுமுன் டேட்டாவைக் காப்பாற்றப் பாருங்கள்.

ரிப்பேர்காரரிடம் என்ன சொல்வது?

ரிப்பேர்காரர்கள் எல்லாம் ஏமாற்றுகிறவர்கள் என்று நாம் சொல்லவில்லை. தெரிந்த வேலையைச் சீக்கிரம் முடிக்க ஃபார்மட் அவர்களுக்குச் சுலப வழி. ஆனால் கணக்கு நம்முடையது. ஆகவே ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள்: "முதலில் டேட்டாவை எடுத்து, இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து காட்டு தம்பி. அதற்குப் பிறகு ஃபார்மட் பற்றிப் பேசலாம்." கம்ப்யூட்டர் கிளம்பாவிட்டாலும், டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அதைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டிக் கணக்கை எடுக்க முடியும்.

இதில் ஒரு பூட்டு இருக்கிறது. புதிய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் 'பிட்லாக்கர்' என்ற பாதுகாப்பு தானாகவே போடப்பட்டிருக்கும். அதற்குரிய 48 இலக்க எண் இல்லாமல் டிஸ்க்கைத் திறக்க முடியாது. 2024 ஜூலையில் பல நிறுவனங்கள் இந்த எண்ணைத் தேடியே நேரத்தை இழந்தன. பெரும்பாலும் அந்த எண் நம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இன்றே எடுத்துக் காகிதத்தில் எழுதி, கம்ப்யூட்டருக்கு வெளியே பத்திரத்தோடு பத்திரமாக வையுங்கள்.

வருமுன் காக்க

கடை மூடும்போது டாலி கணக்கைத் தினமும் பேக்கப் எடுத்து, ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மாதம் ஒரு முறை அந்தப் பிரதியைத் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப், எண்ணாத பணம் போல.

டிரைவரைச் சாதனம் தயாரித்த கம்பெனியிடமிருந்தோ விண்டோஸ் அப்டேட் வழியாகவோ மட்டும் வாங்குங்கள். எல்லா டிரைவரையும் இலவசமாகப் புதுப்பிக்கிறோம் என்று வரும் புரோகிராம்களை அண்ட விடாதீர்கள்.

அதற்காக அப்டேட்டையே நிரந்தரமாக நிறுத்திவிடக் கூடாது. 2017 மே மாதம் வானாகிரை என்ற வைரஸ் உலகைக் கலக்கியபோது, அதற்கான தடுப்பு அப்டேட் மார்ச் மாதமே வந்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். தீபாவளி, பொங்கல் வியாபார நாட்களிலும் ரிட்டர்ன் தாக்கல் நாட்களிலும் மட்டும் சில நாள் தள்ளிப்போடலாம். அதற்கு விண்டோஸிலேயே வசதி உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், பலர் புதிய கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள். வாங்குமுன் நம் பழைய பிரிண்டருக்கும் தராசுக்கும் விண்டோஸ் 11-இல் ஓடும் 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

கம்ப்யூட்டர் நின்றாலும் லாரி நிற்க வேண்டியதில்லை. இ-வே பில்லை வேறு எந்தக் கம்ப்யூட்டரிலும், செல்போனிலும்கூட எடுக்கலாம். அதற்கான பயனர் பெயரும் பாஸ்வேர்டும் நம்பிக்கையான இரண்டாவது ஆளிடமும் இருக்கட்டும். சில்லறை வாடிக்கையாளருக்குக் கையால் எழுத, தனி வரிசை எண் அச்சிட்ட பில் புத்தகம் ஒன்று கல்லாவில் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். புதிய பிரிண்டர் மாட்டிய தேதி, கேபிள் மாற்றிய தேதி, ரிப்பேர்காரர் வந்து என்ன செய்தார் என்பது, கம்ப்யூட்டர் நின்ற நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை ஆகியவற்றை ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். வரவு எது, செலவு எது என்று எழுதிவைத்துத்தான் நம் முன்னோர் நஷ்டத்தைக் கண்டுபிடித்தார்கள். கம்ப்யூட்டருக்குள் வந்தது எது, அதற்குப் பிறகு நின்றது எது என்று எழுதிவைத்தால் கோளாறும் அதே வழியில் பிடிபடும். நோட்டின் விலை சில ரூபாய். அது காப்பது நம் வருடக் கணக்கு.